யானை விழுந்தால் மலை

அக்கா மகனுக்கும் எனக்கும் ஒரு வழக்கு. அவன் கட்சி லுட்விக், என் கட்சி காஸ்கோய்ன். ஒத்தக்கடையில் அக்கா வீட்டு மாடியறையில், பழைய பிளேஸ்டேஷன் 4-க்கு முன்னால் தொடங்கிய வழக்கு இரண்டு பொங்கலைத் தாண்டியும் தீரவில்லை. ‘பிளட்போர்ன்’ என்ற வீடியோ கேமில் வரும் அரக்கர்களில் யார் தலைசிறந்தவன் என்பதே கேள்வி. ஜன்னலைத் திறந்தால் யானைமலை தெரியும் வீடு அது. அதனாலோ என்னவோ, வாதாடுகிறவர்கள் நாங்கள் இரண்டு பேர் என்றாலும் மூன்றாவதாக ஒரு சாட்சி எப்போதும் படுத்தபடி கேட்டுக்கொண்டிருந்தது.

கேமைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கியது. இயக்கியவர் ஹிடெடாகா மியாசாகி. 2015 மார்ச்சில் சோனி வெளியிட்டது. அதே ஆண்டு நவம்பரில் ‘தி ஓல்டு ஹன்டர்ஸ்’ என்று ஒரு பின்னிணைப்பும் வந்தது. யார்னம் என்றொரு நகரம். அங்குள்ள தேவாலயம் நோய் தீர்க்க ஒரு விசேஷ ரத்தத்தை ஊருக்கே ஏற்றிவிட, ரத்தம் ஏறியவர்கள் ஒவ்வொருவராக மிருகமாகிறார்கள். நாம் வேட்டைக்காரன். ஊசிக்கோபுரங்களும் கல்லறைகளும் நிலவும் மூடிய ஜன்னல்களுமாக ஓர் இரவு முழுக்க அலைய வேண்டும். வழியை மறித்து நிற்கும் பெரிய எதிரியைத்தான் ‘பாஸ்’ என்கிறார்கள். திரையின் அடியில் அவன் பெயரும் நீண்ட உயிர்க்கோடும் தோன்றும். ஒருமுறை தோற்றுத் திரும்பி வந்தால் அவன் வாசலில் பனித்திரை தொங்கும். பாதாளச் சுரங்கங்களில் வருகிற உதிரிகளைக் கழித்துவிட்டால் மூல விளையாட்டில் 17 பேர், பின்னிணைப்பில் 5 பேர், ஆக மொத்தம் 22.

இந்த 22 பேரையும் தேர்வுத்தாள் மாதிரித் திருத்தியதில் ஏழு பேர் தேறினார்கள், எட்டு பேர் கெட்டார்கள், மிச்சப் பேர் இழுபறி. எந்த அளவுகோலால் திருத்தினேன் என்பதைச் சொல்லாமல் மதிப்பெண் போடுவது நியாயமில்லை. அளவுகோல் இரண்டு. இரண்டும் மதுரைச் சரக்கு.

முதலாவது வாடிவாசலில் கிடைத்தது. அலங்காநல்லூரிலோ பாலமேட்டிலோ ஜல்லிக்கட்டு பார்த்தவர்களுக்குத் தெரியும்: காளைகளில் இரண்டு சாதி உண்டு. வாசல் திறந்ததும் அம்பு மாதிரி பாய்ந்து ஓடிவிடும் மாடு ஒன்று. வெளியே வந்து, நின்று, மண்ணைக் கிளறி, சுற்றி நிற்கும் வீரர்களைப் பார்த்துத் தலையைச் சிலுப்பும் மாடு இன்னொன்று. இரண்டுமே பிடிபடாமல் போகலாம், இரண்டுக்குமே பரிசு கிடைக்கலாம். ஆனால் ஊர் ஒரு வருஷத்துக்குப் பேசுவது இரண்டாவதைத்தான். ‘நின்னு விளையாடுற மாடு’ என்பார்கள். அதனிடம் தோற்றவனுக்குக்கூட அவமானம் இல்லை. பிளட்போர்ன் சண்டையின் அடிப்படை விதியும் இதற்குத் தோதானது. கேடயம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. ஒரு மரக்கேடயம் கிடைக்கும், அதையும் விளையாட்டே கேலி செய்துவிடும். அடி வாங்கினால் இழந்த உயிரைச் சில நொடிகளுக்குள் திருப்பி அடித்து மீட்டுக்கொள்ளலாம். அதாவது, பின்வாங்கினால் நஷ்டம், நெருங்கினால் லாபம். திமிலைப் பிடித்துத் தொங்குகிறவனின் கணக்கு இது. ஆகவே இந்த விளையாட்டில் ஒரு நல்ல பாஸ் நின்று விளையாட வேண்டும். நம்மை நெருங்க விட வேண்டும். நெருங்கியதற்கு விலை கேட்க வேண்டும்.

‘எத்தனை தடவை சாகடித்தான்’ என்பதை மட்டுமே அளவாக வைப்பவர்கள் நிறைய. கஷ்டமான பாஸ்தான் நல்ல பாஸ் என்பது அவர்கள் கட்சி. வாடிவாசலைப் பார்த்தவர்களிடம் இந்த வாதம் செல்லாது. ஓடிப்போகிற மாட்டைப் பிடிப்பதும் கஷ்டம்தான்.

இரண்டாவது அளவுகோல் திருவிளையாடற் புராணத்திலிருந்து வருகிறது. பரஞ்சோதி முனிவரின் 64 திருவிளையாடல்களில் மூன்று படலங்கள் அப்பட்டமான பாஸ் சண்டைகள். சமணர்கள் வேள்வித் தீயிலிருந்து யானையை எழுப்பி மதுரைமேல் ஏவுகிறார்கள், பின்னொரு காலத்தில் நாகத்தை, அடுத்து மாயப்பசுவை. மூன்றும் ஊர் எல்லையில் வீழ்கின்றன. வீழ்ந்தவை மறையவில்லை. வடகிழக்கே யானைமலை, மேற்கே நாகமலை, தென்மேற்கே பசுமலை. மேலூர் சாலையில் பஸ்ஸில் போகிறவன் ஒரு பாஸின் விலாவை ஒட்டிப் போகிறான். நாகமலையடிவாரத்துப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவன் இன்னொரு பாஸின் வால்மாட்டில் உட்கார்ந்து பரீட்சை எழுதுகிறான். அரக்கனை வென்ற கதை உலகமெங்கும் உண்டு. வென்ற அரக்கனின் உடம்பையே ஊருக்கு வேலியாக்கிக்கொண்ட கதை எங்களுடையது. ஆகவே என் இரண்டாவது கேள்வி: விழுந்தபின் என்ன மிஞ்சுகிறது?

புராணத்தின் மூன்று சண்டைகளையும் இதே கண்ணோடு பார்க்கலாம். யானைச் சண்டை கண்காட்சிக்கு உகந்தது, விளையாட்டுக்கு உகந்ததல்ல. சோமசுந்தரர் வில்லாளியாக வருகிறார், பதினாறு கால் அட்டாலை மண்டபத்தின் மேல் ஏறி நிற்கிறார், நரசிங்கக் கணையை விடுகிறார், முடிந்தது. தூரத்திலிருந்து ஒரே அம்பு. யானை அவரைத் தொடக்கூட இல்லை. நாகச் சண்டை அதைவிடத் தேர்ந்த வடிவமைப்பு. அனந்தகுண பாண்டியன் தானே அம்பெய்து அதை வீழ்த்துகிறான், வென்றோம் என்று நினைக்கும்போது செத்துக்கொண்டிருக்கும் நாகம் விஷத்தைக் கக்குகிறது, ஊர் மயங்குகிறது, சடைப்பிறையின் அமுதம் விழுந்துதான் விஷம் முறிகிறது. இன்றைய விளையாட்டுக்காரர்கள் ‘ரெண்டாவது ஃபேஸ்’ என்று சொல்வது இதைத்தான். உயிர்க்கோடு தீர்ந்த பிறகும் ஆட்டம் தீராத நிலை. மூன்றாவதான பசு இவை இரண்டையும் விடப் புத்திசாலித்தனமானது. பசுவைக் கொன்றால் பாவம். கொல்லாவிட்டால் ஊர் அழியும். இறைவன் நந்தியை அனுப்புகிறார். நந்தி முட்டவில்லை, தன் அழகைக் காட்டி நிற்கிறது. பசு மோகித்து, வலுவிழந்து, விழுகிறது. ஆயுதத்தால் தீராத பாஸை ஆயுதமில்லாமல் தீர்க்கிற சூட்சுமம். இந்தப் பசுவை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். காஸ்கோய்ன் வரும்போது தேவைப்படும்.

காதிக் திகில் என்கிற மேற்கத்திய மரபில் பாஸ் இவ்வளவு கௌரவமாகத் தொடங்கவில்லை. இடிந்த கோட்டை, பழைய பாவம், அடைபட்ட அறை என்று 1764-இல் ஹொரேஸ் வால்போலின் நாவலோடு புறப்பட்ட மரபு அது. வீடியோ கேமில் அதற்கு ஒரு பெரிய வாசலாக அமைந்தது 1986-இல் வந்த கோனாமியின் ‘காசில்வேனியா’. அங்கே ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் ஒரு பாஸ்: பெரிய வௌவால், மெடூசா, மம்மிகள், ஃபிராங்கன்ஸ்டைன், மரணதேவன், கடைசியில் டிராகுலா. ஹாலிவுட் பேய்ப்பட போஸ்டர்களை வரிசையாக ஒட்டிய மாதிரி. ஒவ்வொருவனும் ஒரு சுங்கச்சாவடி. கட்டணம் கட்டினால் கம்பம் உயரும், அடுத்த கட்டம். யாரும் யாருக்கும் உறவில்லை. பிளட்போர்னின் சாதனை, அதன் பாதி பாஸ்களுக்கு வீடு வாசல் உண்டு என்பதுதான். தோல்வியும் அங்கேதான்: மீதிப் பாதிக்கு இல்லை.

காஸ்கோய்ன் இரண்டாவதாக வருகிறவர். அதற்கு முன்னால் பாலத்தில் நிற்கும் ‘கிளெரிக் பீஸ்ட்’ ஒரு நல்ல வாயிற்காவலன். ஒரு கை மட்டும் ஊதிப் பெருத்து, மான்கொம்பு மாதிரி கொம்புகளோடு, பூசாரியாக இருந்தவன் ஆகக் கொடிய மிருகமாவான் என்ற இந்நகரத்து விதியை உடம்பாலேயே சொல்லிவிடுகிறான். ஆனால் அவனுக்குப் பெயரில்லை. காஸ்கோய்னுக்குப் பெயர் மட்டுமல்ல, ஒரு வீடே இருக்கிறது. ஊர்த்தெருவில் வெளிச்சம் எரியும் ஒரு ஜன்னல். உள்ளிருந்து ஒரு சிறுமியின் குரல்: அப்பாவைத் தேடிப்போன அம்மா திரும்பவில்லை, அம்மா சிவப்புக்கல் புரோச் அணிந்திருப்பாள், அப்பா எங்களை மறந்துபோனால் இந்தப் பாட்டை வாசித்துக் காட்டுவோம், ஞாபகம் வந்துவிடும் என்று ஓர் இசைப்பெட்டியைத் தருகிறாள். கல்லறைத் தோட்டத்தில் போய் நின்றால் கோடரியோடு ஒரு வேட்டைக்காரர், நம்மைப் போலவே உடை, நம்மைப் போலவே கையில் துப்பாக்கி. பின்னால் ஒரு கூரையில் ஒரு பெண்ணின் பிணம். அதன்மேல் சிவப்புக்கல்.

சண்டையில் அவர் கிட்டத்தட்ட நம் பிரதிபலிப்பு. நாம் உருண்டால் அவரும் உருள்கிறார், நாம் சுட்டால் அவரும் சுடுகிறார். நெருங்கி நின்று விளையாடும் மாடு. உயிர் குறைந்ததும் மிருகமாக மாறுகிறார், அப்போது கல்லறைக் கற்கள் எல்லாம் தூள். இசைப்பெட்டியைச் சண்டைக்கு நடுவே வாசிக்கலாம். வாசித்தால் தலையைப் பிடித்துக்கொண்டு தடுமாறுவார். சில நொடிகள். அந்தச் சில நொடிகளில் நாம் என்ன செய்கிறோம்? வெட்டுகிறோம். இந்த விளையாட்டின் ஒட்டுமொத்தக் குரூரமும் அந்தச் சில நொடிகளில் இருக்கிறது. ஒரு மகள் அப்பாவைத் திருப்பிக் கொண்டுவரக் கொடுத்ததை நாம் தூண்டில் புழுவாக்குகிறோம். அதிகமாக வாசித்தால் அவர் முன்கூட்டியே மிருகமாகிவிடுவார். பேராசைக்குத் தண்டனையும் உண்டு. நந்தி அழகைக் காட்டிப் பசுவை வீழ்த்தியதும் இதுவும் ஒரே சூட்சுமம்தான், ஆயுதமில்லாத ஆயுதம். ஆனால் புராணம் அதைப் பக்தியோடு சொல்லி நகர்ந்துவிடுகிறது. பசுவின் மோகம் யாருக்கும் உறுத்தவில்லை. இங்கே உறுத்துகிறது, ஏனென்றால் பொத்தானை அழுத்தியது என் கட்டைவிரல்.

அக்கா மகன் முதல்முறை அவரை வென்றபோது நான் பக்கத்தில் இருந்தேன். “அங்கிட்டு உருளு, இங்கிட்டு உருண்டா செத்தே” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு விளையாடுகிறவன் அவன். ஜெயித்ததும் குதித்தான். பிறகு கூரையில் ஏறி புரோச்சை எடுத்தான். அதன்பின் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அடுத்து லுட்விக், அவன் கட்சி. தேவாலய வேட்டைக்காரர்களில் முதல்வன், வீரத்துக்குப் பேர்போனவன். பின்னிணைப்பில் நாம் காண்பது, ரத்த ஆறும் பிணக்குவியலுமான ஒரு நிலவறையில் குதிரையும் மனிதனும் கலந்து பிசைந்த மாதிரி ஓர் உருவம். கத்திக்கொண்டு பாய்கிறது, குளம்பால் மிதிக்கிறது, கூரையிலிருந்து விழுகிறது. பாதி உயிர் போனதும் ஆட்டம் நிற்கிறது. அவன் முதுகிலேயே தொங்கிக்கொண்டிருந்த பழைய வாள் கீழே விழுகிறது. அதன் பசிய ஒளியைப் பார்க்கிறான். பார்த்ததும் எழுந்து இரண்டு காலில் நிற்கிறான், வாளை முகத்துக்கு நேரே பிடிக்கிறான். திரையின் அடியில் பெயரே மாறுகிறது; சபிக்கப்பட்டவன் என்றிருந்த அடைமொழி போய்ப் புனித வாளின் பெயர் வந்து நிற்கிறது. இசையும் மாறுகிறது, ஓலம் போய்க் கம்பீரம். வழக்கமான கணக்குத் தலைகீழாகிறது: மற்ற பாஸ்கள் இரண்டாம் பாதியில் மனிதனிலிருந்து மிருகமாவார்கள், இவன் மிருகத்திலிருந்து மனிதனாகிறான். அப்படி மனிதனானவனைத்தான் நாம் கொல்ல வேண்டியிருக்கிறது. அரங்க அமைப்பு, இசை, அசைவு மூன்றும் இவ்வளவு ஒத்திசைந்த சண்டை இந்த 22-இல் வேறில்லை. இதை நான் மறுக்கவில்லை.

என் அளவுகோல்படியும் லுட்விக் சளைத்தவன் அல்ல. விழுந்தபின் அவன் தலை மிஞ்சுகிறது, பேசுகிறது. தேவாலயத்து உடையில் போயிருந்தால் ஒரு கேள்வி கேட்கிறது: என் வேட்டைக்காரர்கள் நான் நம்பியபடி மானமுள்ளவர்களாக இருந்தார்களா? ஆம், இல்லை என்று பதில் சொல்லலாம். ஆம் என்றால் நிம்மதியாகக் கண் மூடுகிறான். விளையாடி வந்த நமக்குத் தெரியும், உண்மை ‘இல்லை’ என்று.

பின்னிணைப்பின் கடைசியில் வரும் ‘ஆர்ஃபன் ஆஃப் காஸ்’ இந்த இருவருக்கும் அடுத்த இடம். மீன்பிடிக் குப்பம் ஒன்று. கரையொதுங்கிக் கிடக்கும் தாயின் சடலம். அதன் வயிற்றிலிருந்து இறங்கி வரும், கிழவன் முகம் கொண்ட குழந்தை. நஞ்சுக்கொடியையே ஆயுதமாகச் சுழற்றுகிறது, அழுகிறது. இவ்வளவு ஆவேசமாக அடிக்கும் எதிரி இந்த விளையாட்டில் இல்லை. அதற்கான காரணமும் குப்பத்தில் கிடக்கிறது: படித்தவர்கள் வந்து, அந்த மக்களின் மண்டையோட்டைத் துளைத்து, உள்ளே கண் முளைத்திருக்கிறதா என்று தேடிப் பார்த்த ஊர் அது. குழந்தை விழுந்தபின் தாயின் உடம்பருகே கரும்புகை வடிவாக ஏதோ நிற்கிறது. ஓர் அடி. சண்டையே இல்லை. அந்த ஓர் அடியைப் போட்டால்தான் அந்தக் கனவு முடியும். கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிடலாமா என்று நினைக்க வைத்த அடி அது.

தேறியவர்களில் மீதி நால்வரை வேகமாகக் கடக்கிறேன். விகார் அமீலியா: பிரார்த்தனைக்கு மண்டியிட்ட நிலையிலேயே மிருகமாகிறவள், சண்டை நடுவிலும் பதக்கத்தைக் கையில் பொத்திக் கும்பிட்டுக் காயத்தை ஆற்றிக்கொள்கிறாள். பக்தியே அவள் மருத்துவம். லேடி மரியா: கடிகாரக் கோபுரத்தில் ஒரு நேர்த்தியான வாள்சண்டை. கெர்மன்: சக்கர நாற்காலிக் கிழவர், ஆசான், இந்தக் கனவிலிருந்து விடுதலை தருகிறேன், தலையைக் குனி என்கிறார், மறுத்தால் எழுந்து அரிவாளை எடுக்கிறார். நான்காவது ரோம். இந்த ஒன்றுக்குக் கொஞ்சம் நிற்க வேண்டும்.

ரோம் ஒரு பெரிய, சோம்பலான சிலந்தி. ஏரிக்குள் குதித்தால் எல்லையில்லாத நீர்ப்பரப்பில் சும்மா நிற்கிறது. முதலில் அது நம்மை அடிப்பதே இல்லை. அதன் குஞ்சுகள்தான் அடிக்கின்றன. வாடிவாசல் அளவுகோலில் இது முட்டை மதிப்பெண். குஞ்சுகளை ஒவ்வொன்றாகச் சீவுவது அலுப்பு. நடுவில் மாயமாகி வேறெங்கோ போய் நிற்பது எரிச்சல். விளையாட்டுக்காரர்கள் பலர் ரோமைக் கடைசி வரிசையில் தள்ளுவதில் எனக்கு வியப்பில்லை. ஆனால் விழுந்தபின்? வானம் கிழிகிறது. நிலா சிவந்து கீழே இறங்குகிறது. அதுவரை கல்லும் கோபுரமுமாகத் தெரிந்த நகரத்தின் சுவர்களில் பல கைகள் கொண்ட பெரும் உருவங்கள் தொற்றிக்கொண்டிருப்பது எல்லோருக்கும் தெரிகிறது. அவை இரவு முழுக்க அங்கேதான் இருந்தன. அவற்றை நம் கண்ணிலிருந்து மறைத்து வைத்திருந்தது இந்தச் சிலந்தி. காவலாளியைத்தான் கொன்றிருக்கிறோம். நாகமலைக்கு நேர் எதிர் கதை இது. அங்கே பாஸ் விழுந்தால் ஊருக்கு வேலி. இங்கே வேலியைத்தான் பாஸ் என்று நினைத்து வெட்டிச் சாய்த்தோம். சண்டை பூஜ்ஜியம், மிச்சம் நூற்றுக்கு நூறு. கூட்டிக் கழித்துத் தேர்ச்சி போட்டேன். அக்கா மகன் இதை ஒப்புக்கொள்ளவே மாட்டான்.

கெட்டவர்களைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஹெம்விக் சூனியக்காரிகள், ‘செலஸ்டியல் எமிசரி’, ‘லிவிங் ஃபெய்லியர்ஸ்’ மூன்றும் இடத்தை நிரப்ப வந்தவை. ‘ஒன் ரீபார்ன்’ பிணங்களைக் குழைத்துச் செய்த ஓர் அருவருப்பு. பார்க்கப் பயங்கரம், அடித்தால் மாவுருண்டை. மேலே மணியடிக்கும் பெண்களைக் கொன்றுவிட்டு வந்தால் அதற்கு வேலையே இல்லை. மிகோலாஷ் தலையில் கூண்டை மாட்டிக்கொண்டு புத்தக அறைகளில் ஓடிக்கொண்டே இருக்கிறான். நாம் துரத்திக்கொண்டே இருக்கிறோம். வாசல் திறந்ததும் ஓடிப்போகிற மாடு. அவன் பைத்தியத்தைச் சொல்ல அதுதான் வழி என்று சிலர் வாதாடுவார்கள். பைத்தியத்தை மூச்சிரைப்பாகக் காட்டுவதில் என்ன கலை? அமிக்டலாவும், கத்திகள் ஏந்திய ‘மெர்கோஸ் வெட் நர்ஸ்’-உம் பெரிய உடம்புகள், அவ்வளவே. எட்டாவது பெயர்தான் பலருக்கு அதிர்ச்சியாக இருக்கும்: ‘மூன் பிரசன்ஸ்’, மறைவான கடைசி பாஸ்.

விளையாட்டு முழுக்க இந்த நிலாதெய்வத்தை நோக்கித்தான் போகிறது. மூன்று தொப்புள்கொடித் துண்டுகளைத் தேடித் தின்றவர்களுக்கு மட்டுமே அதைப் பார்க்கக் கிடைக்கும். பார்த்தால், ஒல்லியாக, வாலும் விழுதுகளுமாக ஒன்று வானத்திலிருந்து இறங்கி வந்து கட்டிப்பிடிக்கிறது. சில நிமிடங்களில் செத்துப்போகிறது. சற்றுமுன் அதே தோட்டத்தில் கெர்மனோடு போட்ட சண்டையின் கனத்தில் கால்பங்கு இல்லை. ஏன்? விளையாட்டின் சொந்தத் தர்க்கமே காரணம். முதல் பாதி மனிதர்கள் மிருகமாகும் காதிக் கதை. இரண்டாம் பாதி, அமெரிக்க எழுத்தாளர் லவ்கிராஃப்ட் வழியில், மனித அறிவுக்கு எட்டாத அண்டத்துத் தெய்வங்களின் கதை. எட்டாதது என்று சொல்லிவிட்டு அதற்கு ஓர் உயிர்க்கோடு போட்டுத் திரையின் அடியில் வைத்தால் எட்டிவிடுகிறதே! எட்டாததை வெட்டிச் சாய்க்க முடியும் என்றால் அது இன்னொரு கிளெரிக் பீஸ்ட், அளவில்தான் வித்தியாசம். இந்த முரணை உணர்ந்து வடித்த ஒரே தெய்வம் எப்ரீட்டாஸ். கோயிலின் அடியில் தனியாக, ஒரு சடலத்தின் முன்னால் அழுவது போல இருக்கிறது. நாமாகத் தொடாதவரை நம்மைத் தொடாது. பெரும்பாலோர் தொடுகிறார்கள். ஆனால் தொட்டபின் சண்டை அலுப்பு. அதனால் இழுபறி வரிசையில் வைத்தேன். லொகேரியஸ், ரத்தப்பசி மிருகம், மின்னல் எலும்புக்கூடு பார்ல், யார்னத்து நிழல்கள் மூவர், லாரன்ஸ் ஆகியோருக்கும் அதே பெஞ்சு. கிளெரிக் பீஸ்டும் அங்கேதான்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். “காஸ்கோய்ன் வீட்டுக் கதை, குப்பத்துக் கதை எல்லாம் பொருள்களின் விவரக்குறிப்பிலும் மூடிய ஜன்னலுக்குப் பின்னாலும் கிடக்கிறது. அதைப் படிக்காமலே முடித்தவன் ஆயிரம் பேர். விளையாட்டுக்கு வெளியே இருப்பதை வைத்து பாஸுக்கு மதிப்பெண் போடலாமா?” போடலாம் என்கிறேன், யானைமலையைக் காட்டி.

புராணத்தின் யானைக்கு ஒரு பெரிய குறை உண்டு, அதைச் சொல்லாமல் மதுரைக்காரன் பெருமை பேசுவது முறையாகாது. அந்த யானைக்கு மனம் கிடையாது. ஏவினார்கள், வந்தது, செத்தது. ஏவியவர்கள் ‘மாயம் செய்யும் சமணர்’ என்ற ஒற்றை வாக்கியத்தில் அடங்கிவிடுகிறார்கள். கதையை எழுதியது வென்ற தரப்பு. ஆனால் மலைமேல் ஏறிப் பாருங்கள். குகையில் தமிழிக் கல்வெட்டு. பாறையில் மகாவீரர், பார்சுவநாதர், பாகுபலி, அம்பிகா என்று 9, 10-ஆம் நூற்றாண்டுப் புடைப்புச் சிற்பங்கள். கீழே அவற்றைச் செய்வித்தோரின் பெயர்கள் வட்டெழுத்தில். சமண முனிவர் அச்சணந்தியின் பெயரும் அங்கே உண்டு. அதே மலையின் அடிவாரத்தில், நரசிங்கக் கணையின் கதைக்குத் தோதாக, நரசிங்கப் பெருமாள் குடைவரை; 770-இல் பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன் காரி தொடங்க, தம்பி மாறன் எயினன் முடித்தது. பாஸின் உடம்பிலேயே தோற்றவனின் கையெழுத்தும் வென்றவனின் கோயிலும் அருகருகே. படலத்தை மட்டும் கேட்டவனுக்கு இது தெரியாது; மலையேறியவனுக்குத் தெரியும். தெரிந்தபின் படலம் பழைய படலமாக இராது. கதைக்கு வெளியே இருப்பது கதையை மாற்றும். பிளட்போர்ன் இதைத் திட்டமிட்டுச் செய்கிறது. மதுரையில் அது தற்செயலாக நடந்தது. இரண்டிலும் ஏறிப் பார்க்கிற சிரமம் நம்முடையது.

இன்னொரு மிச்சமும் எங்களிடம் உண்டு. அழகர்கோயில் ராஜகோபுர வாசல் மூடியே இருக்கும். அந்தக் கதவுதான் பதினெட்டாம்படிக் கருப்பு. உருவம் கிடையாது, சந்தனம் பூசிய கதவுக்கே மாலை, கதவுக்கே கும்பிடு. மலையாள நாட்டிலிருந்து அழகரின் சக்தியைக் கவர வந்த பதினெட்டு மந்திரவாதிகளை வெட்டிப் படிகளுக்கடியில் புதைத்தார்கள், அவர்களோடு வந்த கருப்பு இங்கேயே காவலாக நின்றுவிட்டார் என்பது கதை. அழகர்கோயில் பற்றிய தொ. பரமசிவனின் ஆய்வைப் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. எதிரியோடு வந்தவன் காவல்தெய்வமானான்; இன்று வரவுசெலவுத் தகராறு என்றால் அந்தக் கதவின் முன்னால்தான் சத்தியம் செய்வார்கள், பொய் சொல்லத் துணிய மாட்டார்கள். பாஸ் வாசலின் பனித்திரையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கதவு ஞாபகம் வரும். பிளட்போர்னுக்கு எட்டாத இடம் இது. அங்கே கொன்றவனுக்குக் குற்றவுணர்ச்சி உண்டு. கொல்லப்பட்டவனோடு சேர்ந்து வாழத் தெரியவில்லை. பாஸ் செத்த இடத்தில் ஒரு விளக்கு முளைக்கும், அடுத்த ஊருக்குப் போகலாம். யாரும் அங்கே மறுநாள் பொங்கல் வைக்க மாட்டார்கள். மொத்த விளையாட்டின் மேலும் நான் வைக்கும் குறை இது ஒன்றுதான், பெரியதும் இதுதான்.

அப்படியானால் தீர்ப்பு? போன மாதம் அக்கா மகன் மடக்கினான்.

“உங்க அளவுகோல்படியே பாருங்க மாமா. விழுந்தப்புறம் என்ன மிச்சம்னு கேக்குறீங்க. காஸ்கோய்ன் விழுந்தா ஒண்ணுமில்ல, சாவி விழுது. லுட்விக் தலை பேசுதுல்ல? கேள்வி கேக்குதுல்ல?”

“நீ என்ன பதில் சொன்னே?”

“ஆமான்னு சொன்னேன். பாவமா இருந்துச்சு.”

அவன் வாதத்தில் பலம் இருக்கிறது. லுட்விக்கின் மிச்சம் கண்முன் நிற்பது, யாரும் தவறவிட முடியாதது. ஒரு பொய்யால் அவனை ஆற்றுப்படுத்திவிட்டு நாமும் நிம்மதியாக நகரலாம். அங்கேதான் நான் அரை மதிப்பெண் பிடித்தேன். அவனுடைய கணக்கு அவனோடு முடிகிறது. காஸ்கோய்ன் விழுந்தால் மிஞ்சுவது கல்லறையில் இல்லை, நான்கு தெரு தள்ளி விளக்கெரியும் ஜன்னலில் இருக்கிறது. அங்கே ‘ஆம்’ என்ற பொத்தான் கிடையாது. புரோச்சைக் கொடுத்தால் அவள் அழுவாள். பாதுகாப்பான இடம் என்று தேவாலயத்துக்கு அனுப்பினால் போய்ச் சேர மாட்டாள். சாக்கடையில் திரியும் பெரிய பன்றியைக் கொன்றால் அதனிடமிருந்து அவளுடைய சிவப்பு ரிப்பன் கிடைக்கும். எதைச் செய்தாலும் தப்பு, ஒன்றும் செய்யாமல் கடந்துபோவதும் தப்பு. ஆகவே காஸ்கோய்ன் முதல், லுட்விக் இரண்டு, அரை மதிப்பெண் வித்தியாசத்தில். அவன் மேல்முறையீடு செய்யப்போவதாகச் சொல்லியிருக்கிறான்.

அந்த ஜன்னல் பக்கம் நான் போகவில்லை. மூன்றாவது முறையாகக் கேமைத் தொடங்கி, காஸ்கோய்னைத் தாண்டி வெகுதூரம் வந்துவிட்டேன். புரோச் இன்னும் என் பையில்தான் இருக்கிறது.